பூட்டுகளின் வரலாறு: பழைய கைப்பேசி வணிகமும் சிறுகடைகளின் புத்தாக்கமும்

(நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, நகர்ப்புற ஆய்வு, சட்டம் ஆகிய துறைகளில் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

இந்தியக் கைப்பேசியின் வரலாறு 1995 ஜூலை 31 அன்று தொடங்குவதாகப் படிக்கிறோம். அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். அதன்பின் உரிமங்கள், கட்டணக் குறைப்பு, அலைக்கற்றை, திறன்பேசி என்று வரலாறு நகர்கிறது. இவ்வரிசையில் வருவோர் அனைவரும் புதிய கருவியை விற்றவர்கள் அல்லது வாங்கியவர்கள். அந்தக் கருவி கைமாறிய பின், கீழே விழுந்து உடைந்த பின், இனி உயிர்பெறாது என்று கைவிடப்பட்ட பின் என்ன ஆயிற்று என்பது இவ்வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்னும் நூலில், தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதும் வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு பொருள் எப்போது பிறந்தது என்பதைவிட எவ்வளவு காலம், எவர் கையில், எவர் பராமரிப்பில் புழங்கியது என்பதே வரலாற்றாசிரியரின் முதன்மைக் கேள்வியாக வேண்டும் என்பது அவர் வாதம். இந்தியக் கைப்பேசிக்கு இக்கேள்வியைப் பொருத்தினால் நாம் போய் நிற்கும் இடங்கள் வேறு: தில்லி கரோல் பாகின் கஃபார் மார்க்கெட், நேரு பிளேஸ், யமுனைக்குக் கிழக்கே சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்.

இவ்விடங்களைப் பற்றி இரண்டு வகை எழுத்துகள் உள்ளன. ஒன்று, 'ஜுகாட்' என்ற பெயரில் அவற்றின் சாமர்த்தியத்தைப் போற்றும் மேலாண்மை நூல்கள். மற்றொன்று, 'முறைசாராத் துறையின் தொழில்நுட்பப் பின்தங்கல்' என்று குறைகூறும் கொள்கை அறிக்கைகள். இரண்டாம் வகை அறிக்கைகள் சிறுகடைகளின் புத்தாக்கத் தடைகளாக ஒரே பட்டியலைத் தருகின்றன: முதலீடு இல்லை, பயிற்சி இல்லை, தொழில்நுட்பம் இல்லை. பட்டியலில் உண்மை இருக்கிறது. எனினும் அது இந்த நிலை எவ்வாறு உருவானது என்பதைச் சொல்வதில்லை. கடந்த கால் நூற்றாண்டை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு போக்கு புலப்படுகிறது. சிறுகடைகள் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்றைப் புதிதாகச் செய்தன. ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் அச்செயலின் மீது ஒரு பூட்டு விழுந்தது. புத்தாக்கம் செய்யும் திறமையைவிட, செய்த புத்தாக்கத்தைத் தம்முடையதாக வைத்துக்கொள்ளும் உரிமையே அவர்களிடம் குறைவாக இருந்தது என்பதே இப்பதிவின் வாதம்.

1. பற்றாக்குறையின் சந்தை

தொடக்க ஆண்டுகளில் அழைப்புக் கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை இருந்தது. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டும். 1999-இன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை நிலையான உரிமக் கட்டணத்துக்குப் பதில் வருவாய்ப் பகிர்வைக் கொண்டுவந்தது. 2003-இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. சேவை மலிவடைந்த வேகத்தில் கருவி மலிவடையவில்லை. இந்த இடைவெளியில்தான் பழைய கைப்பேசிச் சந்தை வேரூன்றியது.

கஃபார் மார்க்கெட் கைப்பேசிக்காகத் தோன்றிய சந்தை அன்று. தேசப் பிரிவினையின்போது அகதிகளாக வந்த வணிகக் குடும்பங்களுக்காக அமைந்த அச்சந்தை, எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த பதிற்றாண்டுகளில் வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் டேப் ரிக்கார்டரும் வேண்டியோர் அங்குதான் சென்றனர். சுங்கம் கட்டாத சரக்கை அடையாளம் காணவும், ரசீது இல்லாத பொருளுக்குக் கடைக்காரரின் வாக்கையே உத்தரவாதமாக்கவும், பழைய பொருளின் எஞ்சிய ஆயுளைக் கையில் எடுத்துப் பார்த்தே கணிக்கவும் அச்சந்தை முன்பே பழகியிருந்தது. கைப்பேசி வந்தபோது இவ்வறிவு அப்படியே அதற்கு மாற்றப்பட்டது. ரவி சுந்தரம் தம் 'பைரேட் மாடர்னிட்டி' நூலில் தில்லியின் இத்தகைய சந்தைகளை நகரின் ஊடக நவீனத்தைத் தாங்கிய அடித்தளமாகக் காண்கிறார். அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகமோ கஃபார் மார்க்கெட்டையும் நேரு பிளேஸையும் போலிச் சரக்குக்குப் பேர்போன சந்தைகளின் பட்டியலில் வைத்தது. ஒரே இடத்துக்கு இவ்விரு பெயர்களும் பொருந்துவதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

2. முதல் பூட்டு

2002 டிசம்பரில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் தன் சிடிஎம்ஏ சேவையைத் தொடங்கியது. சுமார் 10,500 ரூபாய் மதிப்புள்ள கருவி 3,350 ரூபாய் முன்பணத்துக்கு வாடிக்கையாளர் கைக்கு வந்தது; எஞ்சியதை மூன்றாண்டு ஒப்பந்தம் ஈடுகட்டும். அதனால் அக்கருவி அந்நிறுவனத்தின் வலையமைப்பில் மட்டும் இயங்குமாறு பூட்டப்பட்டிருந்தது. சிம் அட்டையை மாற்றினால் போதும் என்ற ஜிஎஸ்எம் வசதி சிடிஎம்ஏ கருவியில் இல்லை. கருவியின் மின்னணுத் தொடர் எண்ணே அதன் அடையாளம்.

விரைவிலேயே இப்பூட்டு திறக்கப்பட்டது. ஐதராபாத்தில் ஒரு போட்டி நிறுவனத்தின் ஊழியர்கள் இத்தொடர் எண்ணை மாற்றி வாடிக்கையாளரைத் தம் பக்கம் இழுத்ததாக வழக்குப் பதிவாயிற்று. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் 2005-இல் அளித்த தீர்ப்பு, கைப்பேசியும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பொருளில் கணினியே என்றும், தொடர் எண்ணை மாற்றுவது அச்சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்லும் 'கணினி மூலநிரலில் கைவைத்தல்' என்னும் குற்றத்துக்குள் வரக்கூடும் என்றும் கூறி, அக்குற்றச்சாட்டின் மீதான விசாரணை தொடர வழிவிட்டது.

சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை மூலநிரல் பற்றிய முன்னோடி வழக்காகப் படிப்பார்கள். கைப்பேசிப் பழுதுநீக்கத்தின் வரலாற்றில் அதற்கு வேறு இடம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டோர் சிறுகடைக்காரர் அல்லர். ஆயினும் கருவியின் உரிமையாளர் தம் விருப்பப்படி ஒரு தொழிலாளியிடம் கொடுத்து அதன் நிரலை மாற்றலாமா என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றம் முதன்முறையாக அருகில் வந்தது இங்குதான். வானொலிப் பெட்டியையோ ஸ்கூட்டரையோ திறந்து மாற்றியமைத்த மெக்கானிக்கிடம் எவரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை. பொருளுக்குள் நிரல் நுழைந்ததும், பழுதுநீக்கம் என்பது பதிப்புரிமையையும் குற்றவியலையும் உரசிச் செல்லும் செயலாகிவிட்டது.

3. திறந்த கருவியின் பத்தாண்டு

2003-இல் வெளிவந்த நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத விசைப்பலகை, டார்ச் விளக்கு ஆகியவற்றைப் பலரும் எழுதியுள்ளனர். பழுதுநீக்குநரின் கோணத்தில் அதன் சிறப்பு வேறு. பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம்; சில திருகுகளை எடுத்தால் உடல் பிரியும். அதன் பிஎல்-5சி பேட்டரி வேறு பல மாடல்களுக்கும் பொருந்தும். செத்துப்போன ஐந்து கருவிகளிலிருந்து ஓடுகின்ற மூன்று கருவிகளை உருவாக்க முடியும் என்பது ஒரு வணிகத்துக்கே அடித்தளமாயிற்று.

இக்காலத்தில் சிறுகடைகள் செய்த புத்தாக்கத்தை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பகுப்பறிவு: கருவி இயங்காததன் காரணம் பேட்டரியா, சார்ஜிங் பின்னா, மின்சாரம் வழங்கும் ஐசியா என்பதை மல்டிமீட்டரைக் கொண்டு படிப்படியாகக் கண்டறியும் முறை. இரண்டாவது, நுண்வேலை: ஹாட் ஏர் மெஷினால் ஐசியைப் பெயர்த்து, அதன் அடியில் ஈயக் குண்டுகளை மீண்டும் பதித்து, பலகையில் ஒட்டும் திறன். தொழிற்சாலையில் இயந்திரம் செய்த வேலையை இங்கே ஒரு மேசையில் கை செய்தது. மூன்றாவது, நிரல்வேலை: 'பாக்ஸ்' என்று அழைக்கப்பட்ட கருவிகளின் வழியே மென்பொருளை மீண்டும் ஏற்றுதல், மொழி மாற்றுதல், பூட்டு நீக்குதல். நான்காவதும் முதன்மையானதும் விலையறிவு: ஒரு பழைய கருவியை எவ்வளவுக்கு வாங்கினால், எவ்வளவு செலவிட்டால், எந்த ஊர்ச் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்ற கணிப்பு.

இவ்வறிவு எங்கும் பாடநூலாகவில்லை. ராபின் ஜெஃப்ரியும் அசா டோரனும் 2013-இல் வெளியிட்ட 'தி கிரேட் இந்தியன் ஃபோன் புக்' என்னும் நூலும், வாராணசியின் பழுதுநீக்குநர்களைப் பற்றிய டோரனின் ஆய்வும் 'மிஸ்திரி'யின் உலகை நுணுக்கமாகப் பதிவு செய்கின்றன. உஸ்தாதின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தும், கெட்டுப்போன பலகைகளில் கைபழகியும், கசிந்துவந்த சர்வீஸ் வரைபடங்களைப் பகிர்ந்தும் அத்தலைமுறை கற்றது. கற்றதைக் காக்க எவரிடமும் காப்புரிமையோ சான்றிதழோ இல்லை. எதிர்க்கடைக்காரர் பார்த்து அதையே செய்தால் தடுக்க வழியில்லை. தடுக்க வேண்டும் என்ற எண்ணமும் பெரிதாக இல்லை. அறிவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் அதுவே. அறிவு மூலதனமாகத் திரளாததற்கும் அதுவே காரணம்.

இங்கே ஷென்ஜெனை ஒப்பிடுவது பயன்தரும். அங்கே ஹுவாசியாங்பெய் சந்தையைச் சுற்றி வளர்ந்த 'ஷான்ஜாய்' கைப்பேசித் தொழிலும் போலி, நகல் என்றே தொடக்கத்தில் தூற்றப்பட்டது. ஆனால் மீடியாடெக் நிறுவனத்தின் ஆயத்தச் சில்லுத் தொகுப்புகள், எவரும் வாங்கிப் பயன்படுத்தத்தக்க பொதுப் பலகை வடிவங்கள், நடந்துபோகும் தொலைவில் உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஆகியவை அங்கு ஒன்றாக இருந்தன. கடையில் தோன்றிய எண்ணம் குறுகிய காலத்தில் பொருளாக முடிந்தது. கரோல் பாகின் மிஸ்திரிக்குக் கைத்திறன் இருந்தது. அவர் எண்ணத்தை ஏற்று வார்த்துத்தரப் பக்கத்தில் ஓர் அச்சுப் பட்டறைகூட இல்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையோ பழுதுநீக்கச் சந்தையோடு தொடர்பின்றித் தனி மண்டலமாக இயங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரே நாட்டில் கைப்பேசியைச் செய்யும் கைகளும் சீராக்கும் கைகளும் ஒன்றையொன்று அறியாமலே இருந்தன.

4. எண்ணின் மீது விழுந்த பூட்டு

ஷென்ஜெனின் மலிவுக் கருவிகள் இந்தியாவுக்குள் பெருகியபோது அவற்றுள் பலவற்றில் ஐஎம்இஐ எண் இல்லை, அல்லது ஒரே எண் பல கருவிகளில் இருந்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய பாதுகாப்பு அச்சத்தில் தொலைத்தொடர்புத் துறை இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. பல முறை தள்ளிவைக்கப்பட்ட கெடு 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு முடிந்தது. எண்ணற்ற கருவிகளின் இணைப்பைத் துண்டிக்க ஆணை. அத்தகைய கருவிகள் சுமார் 2.5 கோடி என அப்போது மதிப்பிடப்பட்டது. அவற்றை வைத்திருந்தோரில் பெரும்பாலோர் புதுக் கருவி வாங்க இயலாதவர்கள்.

இடைக்கால ஏற்பாடாக, அனுமதிபெற்ற மையங்களில் 199 ரூபாய் செலுத்தினால் கருவிக்குள் மெய்யான ஐஎம்இஐ எண் எழுதித்தரப்பட்டது. தொழில்நுட்ப நோக்கில் இது கடைகள் 'பாக்ஸ்' கொண்டு செய்துவந்த வேலையேதான். யார் அனுமதியோடு எழுதுகிறார் என்பதில் மட்டுமே வேறுபாடு. 2017 ஆகஸ்டில் வந்த விதிகள் ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதை மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கின. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் அதனுடன் 50 இலட்சம் ரூபாய் வரை அபராதத்தைச் சேர்த்தது.

திருட்டுக் கருவிகளைத் தடுக்க இத்தகைய விதி தேவை என்பதில் ஐயமில்லை. பழைய கைப்பேசிச் சந்தை திருட்டுச் சரக்குக்கு வடிகாலாக இருந்ததை எந்த நேர்மையான வரலாறும் மறைக்க இயலாது. கவனிக்க வேண்டியது வேறு. திருட்டுக் கருவியை அடையாளம் காண ஒரு கடைக்காரருக்குத் தேவையான தகவல் நெடுங்காலம் அவர் கைக்கு எட்டவில்லை. மத்திய அடையாளப் பதிவேடு 2019-இல் மும்பையிலும் தில்லியிலும் தொடங்கி, 2023 மே மாதத்தில்தான் நாடு முழுதும் விரிந்தது. தண்டனை முதலில் வந்தது. சரிபார்க்கும் வசதி பின்னர் வந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வாங்கும் ஒவ்வொரு கருவியிலும் வழக்கின் அபாயத்தையும் சேர்த்தே வாங்கிய கடைக்காரர், அந்த அபாயத்தை விலையில் கழித்தார். விற்பவருக்குக் குறைந்த விலை, கடைக்கு நிலையற்ற பெயர் என்பன அதன் விளைவுகள்.

5. பசையும் மென்பொருளும்

அரசின் பூட்டுகளைவிட ஆழமாகப் பாய்ந்தவை வடிவமைப்பின் பூட்டுகள். திறன்பேசி பரவியபின் பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டது. திருகின் இடத்தைப் பசை பிடித்தது. 2013-இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 7 மென்பொருளுடன் செயலாக்கப் பூட்டைக் கொண்டுவந்தது. 2015-இல் ஆண்ட்ராய்டிலும் அதற்கு இணையான பாதுகாப்பு வந்தது. முன்னைய உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் கருவி திறக்காது. திருட்டைக் குறைக்கும் இந்த ஏற்பாடு, கடவுச்சொல்லை மறந்தவரும் நீக்காமல் விற்றவரும் கொடுத்த நல்ல கருவிகளையும் உதிரிபாகக் குவியலுக்கு அனுப்பியது. அடுத்து வந்தது பாகங்களை இணைசேர்க்கும் முறை: அசல் திரையையே வேறொரு கருவியிலிருந்து எடுத்துப் பொருத்தினாலும், நிறுவனத்தின் மென்பொருள் அதை அங்கீகரிக்காவிட்டால் சில வசதிகள் இயங்கா. ஐந்து செத்த கருவிகளிலிருந்து மூன்றை எழுப்பிய பழைய கணக்கு இங்கே அடிபட்டுப் போனது.

ஈயக் குண்டு பதிக்கும் கைத்திறன் இன்றும் பயன்படுகிறது. ஆனால் பழுதுநீக்கத்தின் இறுதிச் சொல் கடைக்காரரின் மேசையிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. கடவுச்சொல்லும் அனுமதியும் இல்லாத இடத்தில் திறமைக்கு மதிப்பில்லை. 'பயிற்சி அளித்தால் போதும்' என்னும் கொள்கை அறிக்கைகள் காணத் தவறும் மாற்றம் இது.

இதே ஆண்டுகளில்தான் மறுவிற்பனைக்குள் பெருமூலதனம் நுழைந்தது. 2013 வாக்கில் தில்லி வட்டாரத்தில் தோன்றிய கேஷிஃபை, யாந்த்ரா போன்ற நிறுவனங்கள் விலையறிவை மென்பொருளாக்கின. மாடல், வயது, திரையின் நிலை ஆகிய கேள்விகளுக்கு விடையளித்தால் விலை திரையில் தோன்றும். ஆள் வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்வார். 2022 ஜனவரியில் ஃபிளிப்கார்ட் யாந்த்ராவை வாங்கியது. மிஸ்திரி கண்ணால் செய்த கணிப்பும் இக்கணிப்பும் அடிப்படையில் ஒன்றே. வேறுபாடு, ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளின் பதிவு ஒரே இடத்தில் திரண்டு நிறுவனச் சொத்தாவதில் இருக்கிறது. நுகர்வோருக்கு இதனால் உத்தரவாதமும் ரசீதும் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். கஃபார் மார்க்கெட் கொடுக்க முடியாமல் போனது அதைத்தான்.

6. சீலம்பூரும் மொராதாபாத்தும்

மறுவிற்பனையின் எல்லையில் மறுசுழற்சி தொடங்குகிறது. ஆனால் நடைமுறையில் அந்த எல்லை தெளிவானதன்று. சீலம்பூரில் பிரிக்கப்படும் பலகையில் உயிருள்ள ஐசி இருந்தால் அது பெயர்த்தெடுக்கப்பட்டுப் பழுதுநீக்கச் சந்தைக்கே திரும்பும். கழிவிலிருந்து உதிரிபாகம் மீள்வதுதான் இவ்வணிகத்தின் மிகச் சிக்கனமான புத்தாக்கம். எந்தச் சட்டமும் இன்றுவரை அதற்கென ஒரு பெயர் வைக்கவில்லை.

அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பேட்டரி நீங்கலாகச் சராசரிக் கைப்பேசி ஒன்றில் 16 கிராம் செம்பு, 0.35 கிராம் வெள்ளி, 0.034 கிராம் தங்கம் இருந்தன. பத்து இலட்சம் கருவிகளில் 34 கிலோ தங்கம். சுரங்கத் தாதுவோடு ஒப்பிட்டால் இது செறிவான கனிமம். அதை எடுக்கும் வேலை தில்லியின் கிழக்கு எல்லையில் சங்கிலிபோல் பிரிந்திருந்தது: சீலம்பூரில் பிரித்தல், மண்டோலி, லோனி பக்கங்களில் அமிலக் குளியல், பலகைகளின் பெரும்பகுதி மொராதாபாத்துக்கு. பிரிக்கும் வேலையில் வீட்டிலிருந்தபடி துண்டுக் கூலிக்கு உழைத்தோரில் பெண்கள் மிகுதி.

மொராதாபாத் ஏன்? அது 'பித்தளை நகரம்'. உலை, வார்ப்பு, உலோகத்தைப் பார்த்தே தரம் அறிதல் ஆகியவற்றில் தலைமுறைகளாகத் தேர்ந்த, பெரும்பாலும் இஸ்லாமியரான கைவினைக் குடும்பங்கள் வாழும் ஊர். பித்தளை ஏற்றுமதி தளர்ந்தபோது அந்த அறிவு மின்சுற்றுப் பலகையின் பக்கம் திரும்பியது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2015-இல் மொராதாபாத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்த கருஞ்சாம்பல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

இத்தொழிலின் துயரத்தை எழுதுவோர் பலர். அதன் பொருளியலை எழுதுவோர் சிலர். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை, பெங்களூரின் அமில முறையில் பலகையிலுள்ள தங்கத்தில் சுமார் கால்பங்கே மீள்கிறது என்றும், பெல்ஜியம் போன்ற நாடுகளின் ஒருங்கிணைந்த உருக்காலைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் மீள்கிறது என்றும் சுட்டியது. அப்படியானால் முக்கால் பங்குத் தங்கத்தை இழந்து, நுரையீரலையும் கெடுத்துக்கொண்டு ஒருவர் ஏன் அமிலத்தையே நாட வேண்டும்? அறியாமை இதற்கு முழு விடையாகாது. உருக்காலைக்கு அனுப்ப டன் கணக்கில் சரக்குச் சேர வேண்டும். ஏற்றுமதி அனுமதி வேண்டும். பகுப்பாய்வு முடிந்து பணம் வர மாதங்கள் ஆகும். அமிலத் தொட்டியோ அன்று மாலையே காசு தரும். கடன் கிடைக்காத ஒருவருக்கு அந்த மாலைக் காசுதான் அடுத்த நாள் சரக்கு. இங்கே தேவைப்பட்ட புத்தாக்கம் வேதியியலில் இல்லை. சரக்கைத் தொகுக்கும் கூட்டுறவிலும், முன்பணம் தரும் நிதி ஏற்பாட்டிலும் இருந்தது. பெங்களூரின் இ-பரிசரா, ரூர்க்கியின் அட்டெரோ போன்ற பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகள் வந்தபின்னும் அந்த இடைவெளி நிரம்பவில்லை.

7. சட்டத்தின் சொல்லகராதி

மின்கழிவுச் சட்டங்களைச் சொல்லகராதியாகப் படித்தால் ஒரு வரலாறு கிடைக்கும். 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் உற்பத்தியாளர், நுகர்வோர், சேகரிப்பு மையம், பிரிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரைக் குறிப்பிட்டன. சீராக்கி விற்பவர் அதில் இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு அவ்விதிகள் பொருந்தா என்றும் கூறின. சுமையிலிருந்து விலக்களித்தது சலுகைதான். சட்டத்தின் பார்வையிலிருந்தே விலக்கியதும் அச்சலுகைதான்.

2016-இன் விதிகளில்தான் 'புதுப்பிப்பவர்' என்னும் சொல் முதன்முறையாக நுழைந்தது. அதே ஆண்டில், புதுப்பித்த ஐஃபோன்களை இறக்குமதி செய்து விற்க ஆப்பிள் கேட்ட அனுமதியை அரசு மறுத்தது. கழிவு வந்து குவியும் என்ற அச்சமும் உள்நாட்டு உற்பத்தியாளரின் எதிர்ப்பும் அதன் பின்னணி. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் உற்பத்தி செய்வோர், சந்தைப்படுத்துவோர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகிய நால்வரை மட்டும் இணையதளத்தில் பதியச் செய்தன. புதுப்பித்தலுக்குச் சான்றிதழ் உண்டு. அதனால் நிறுவனத்தின் மறுசுழற்சிக் கடமை தள்ளிப்போகும். தள்ளிப்போன அளவில் 75 விழுக்காடு மட்டுமே பின்னர் கணக்கில் சேரும். பழுதுநீக்கத்துக்கு இந்தியச் சட்டம் முதன்முறையாக ஒரு மதிப்பெண் கொடுத்தது என்று இதைச் சொல்லலாம்.

அந்த மதிப்பெண்ணை யார் பெறுவார்? புதுப்பித்த பொருள் தர நிர்ணய விதிகளுக்கு உட்பட வேண்டும். கணக்குகள் பதிவேற்றப்பட வேண்டும். கழிவு பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். எட்டடிக் கடைக்கு இது எட்டாத உயரம். சேகரிப்பு மையமும் பிரிப்பவரும் பதிவுப் பட்டியலிலிருந்து விடுபட்டதால், சீலம்பூரின் வேலைக்குச் சட்டத்தில் இருந்த சிறு பெயரும் போயிற்று.

வரியிலும் இதே கதை. கைப்பேசி மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2020 ஏப்ரல் முதல் 12-இலிருந்து 18 விழுக்காடாயிற்று. பழைய பொருள் வணிகருக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி செலுத்த விதி 32(5) இடமளிக்கிறது. நல்ல விதி. ஆனால் அச்சலுகையைப் பெற வாங்கிய விலைக்கு ஆவணம் வேண்டும். தெருவில் ஒருவர் கொண்டுவந்து நீட்டும் கருவிக்கு ஆவணம் உருவாக்குவதே இவ்வணிகத்தின் பழைய சிக்கல். 2025-இல் திருத்தப்பட்ட தொலைத்தொடர்புப் பாதுகாப்பு விதிகள், பழைய கருவியை வாங்கி விற்போர் ஐஎம்இஐ எண்ணைத் தரவுத்தளத்தில் கட்டணம் செலுத்திச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. இது சிறுகடையைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும் கருவியாகலாம். ஒவ்வொரு சிறு பரிவர்த்தனையிலும் ஒரு புதிய சுமையாகவும் ஆகலாம். கட்டணமும் நடைமுறையும் அதைத் தீர்மானிக்கும்.

8. எஞ்சும் கேள்வி

நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. 2024-இல் பழுதுநீக்கக் குறியீடு பற்றி மற்றொரு குழு. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவ்விவாதத்தில் உரிமைக்குரியவராகப் பேசப்படுபவர் நுகர்வோர். தம் கருவியைச் சீராக்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றால், பணம் பெற்று அதைச் சீராக்கும் தொழிலாளிக்கு உதிரிபாகமும் வரைபடமும் மென்பொருள் அனுமதியும் பெறும் உரிமை உண்டா என்பது தனிக் கேள்வி. முன்னது நுகர்வோர் சட்டம். பின்னது தொழில் உரிமை. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், பெருநிறுவனத்தின் சேவை மையங்களைப் பெருக்குவதோடு விவாதம் முடிந்துவிடும்.

சிறுகடைகளைத் தூயவர்களாக்குவது இப்பதிவின் நோக்கமன்று. திருட்டுச் சரக்கு, போலி பேட்டரி, அமிலம் கலந்த ஆறு, குழந்தைகளின் உழைப்பு ஆகியவை இந்த வரலாற்றின் பகுதிகள். இவற்றைத் திருத்துவதற்காக வந்த ஒவ்வொரு விதிக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆயினும் கால் நூற்றாண்டின் மொத்தக் கணக்கில், செயலைத் தடைசெய்தது விரைவாகவும், செயலுக்கு முறையான வழி திறந்தது தாமதமாகவும் நடந்திருக்கிறது. அந்தத் தாமதத்தில் முதலீடு உடையவர் நுழைந்தார். கைத்திறன் உடையவர் வெளியே நின்றார்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் உடனடி வேலை இருக்கிறது. நோக்கியா காலத்தில் தொழில் கற்ற தலைமுறை இப்போது ஐம்பதை நெருங்குகிறது. அவர்களின் பிள்ளைகளில் பலர் இத்தொழிலுக்கு வருவதில்லை. அவர்களுடைய பகுப்பு முறைகள், விலைக் கணிப்புகள், உஸ்தாத்-சீடர் வரிசைகள், சந்தைகளுக்கிடையிலான கடன் ஏற்பாடுகள் எதுவும் எழுத்தில் இல்லை. உற்பத்தியின் ஆவணங்கள் நிறுவனங்களிடமும், குற்றத்தின் ஆவணங்கள் காவல் நிலையங்களிலும், மாசின் ஆவணங்கள் தீர்ப்பாயங்களிலும் கிடைக்கின்றன. வேலையின் ஆவணம் மட்டும் அவர்கள் விரல்களிலும் நினைவிலும் இருக்கிறது. தில்லியிலோ ஐதராபாத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாய்மொழி வரலாற்றுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு செல்பவர்கள், 'என்ன சிரமம்?' என்று தொடங்காமல், 'இதை எப்படிச் செய்தீர்கள்?' என்று தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான விடைகள் அறிக்கைகளில் போதிய அளவு குவிந்துள்ளன.

இத்துறையில் களப்பணி செய்வோர் தம் கருத்துகளையும் மாறுபாடுகளையும் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் மகிழ்வேன்.